பக்கத்தில் உட்கார ஓர் அக்கா

(தாராவியில் தமிழ் படிக்கும் பெண்களிடம் பேசியது)



இன்றைய பேச்சு ஒரு நோயைப் பற்றியது. அதைவிட, அந்த நோய் வந்த பெண்ணின் பக்கத்தில் உட்காருவதைப் பற்றியது.

மார்பகப் புற்றுநோய். இந்தப் பெயரைச் சொல்லும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அந்த இடத்தில் கட்டி" என்று ஜாடையாகச் சொல்வார்கள். அப்படி மறைக்க வேண்டியதில்லை. இது பாவத்தின் பலன் அல்ல. தொட்டால் ஒட்டும் நோயும் அல்ல. இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எடுத்த கணக்கு இது.

இத்தனை பெண்களுக்கும் ஒரு நாள் உண்டு. "உங்களுக்குக் கேன்சர்" என்று டாக்டர் சொன்ன நாள். இவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொரு நாளும் உண்டு. அது ஆபரேஷன் நாள். இரண்டுக்கும் நடுவே சிலருக்குப் பத்து நாள் இருக்கும். சிலருக்கு ஒரு மாதம் இருக்கும். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் சில மாதம் கீமோ மருந்து கொடுத்து, கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்வதும் உண்டு.

அந்த நடுவே உள்ள நாட்களில் ஒரு பெண் என்ன செய்கிறாள்? அவளுக்கு யார் துணை? இதைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு கதையாகச் சொன்னால் எளிதாக விளங்கும். கதையில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் வேண்டாம். இது ஒருத்தியின் கதை அல்ல. பல பெண்களுக்கு நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது.

இட்லிக்கார அம்மா

தாராவியில் ஒரு சந்து. அங்கே பத்துக்குப் பத்து வீடு. அதிகாலை மூன்று மணிக்கே அந்த வீட்டில் அடுப்பு பற்றும். இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்பும். அம்மா இட்லி அவிப்பார். சட்னி அரைப்பார். கணவர் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு விற்கப் போவார். சயானிலும் மாட்டுங்காவிலும் அவருக்கு வாடிக்கை உண்டு. இவர்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்கு வயது 46. ஒரு மகள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. "வலிக்கலையே, தானாப் போயிரும்" என்று விட்டுவிட்டார். நான்கு மாதம் போயிற்று. கடலை நெல்லிக்காய் ஆயிற்று. அப்போதும் வலி இல்லை.

தாய்மார்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மார்பில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதால் அது நல்ல கட்டி என்று சொல்ல முடியாது. கட்டி தென்பட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டிகளில் பல புற்றுநோய் இல்லாதவை. எது எது என்று சோதனை செய்துதான் சொல்ல முடியும்.

இந்த அம்மாவைச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். படம் எடுத்தார்கள். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் இந்தியில் சொன்னார். அம்மாவுக்கு இந்தி ஓரளவு தெரியும். "கேன்சர்" என்ற சொல் விளங்கியது. அதற்குப் பிறகு டாக்டர் பத்து நிமிடம் பேசினார். அதில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து.

அம்மா வீட்டுக்கு வந்தார். அரிசி ஊறப்போட்டார். மறுநாளும் இட்லி அவித்தார். ஆவிக்கு நடுவே நின்று அழுதால் யாருக்கும் தெரியாது அல்லவா?

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கத்தி பட்டா பரவிரும்" என்றார் மாமியார். "எங்க ஊர்ல ஒருத்தி ஆபரேஷன் பண்ணி ஆறே மாசத்துல போயிட்டா" என்றார் பக்கத்து வீட்டுக்காரி. "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா, வெளிய சொல்லிராதீங்க" என்றார் ஓர் உறவினர். ஊரில் ஒரு வைத்தியர் பச்சிலை கொடுத்துக் குணமாக்குகிறார் என்று கணவருக்கு யாரோ சொன்னார்கள். அவர் போய் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முந்தைய தேதி.

அம்மா எதுவும் சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்பளக்கார அக்கா

இரண்டு சந்து தள்ளி இன்னொரு பெண் இருக்கிறார். வீட்டிலேயே அப்பளம் தேய்த்து, கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் காயப்போடுவார். வயது 52. ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அது சிலருக்குத்தான் தெரியும்.

சுகாதாரப் பணியாளர் முதலில் இவரிடம் கேட்டார். "அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கிறீர்களா?" பிறகு இட்லிக்கார அம்மாவிடம் கேட்டார். "ஓர் அக்கா வந்து பேசலாமா?" இருவரும் சரி என்ற பிறகுதான் அக்கா போனார். இது முக்கியம். நோய் வந்த பெண்ணைக் கேட்காமல் அவள் வீட்டில் போய் நிற்கக் கூடாது.

அக்கா மாலை நான்கு மணிக்குப் போனார். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"எனக்கும் வந்துச்சு தங்கச்சி. ஆறு வருஷம் ஆச்சு" என்றார் அக்கா.

அம்மா நிமிர்ந்தார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் அக்காவின் மார்புக்குப் போனது. சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்துக்கோ, தப்பில்ல" என்று அக்கா சிரித்தார். "இந்தப் பக்கம் பஞ்சு வச்சுத் தச்சுருக்கேன். ஆறு வருஷமா யாரும் கண்டுபிடிக்கல."

அம்மா ஒரு கேள்வி கேட்டார். சாவைப் பற்றிய கேள்வி அல்ல.

"கை தூக்க முடியுமாக்கா? நான் கொப்பரை தூக்கணுமே."

அக்கா எழுந்தார். வலது கையை உயர்த்தினார். வாசல் நிலையின் மேல்கட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"உடனே வரல. முதல் வாரம் தலை சீவக்கூட முடியல. அவுக சொல்லிக்கொடுத்த மாதிரி சுவத்துல விரல வச்சு, எறும்பு ஏறுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். அப்படித்தான் வந்துச்சு."

டாக்டர் சொன்னபோது வராத தைரியம், அந்தக் கை மேலே போனதைப் பார்த்ததும் கொஞ்சம் வந்தது. டாக்டருக்கு மருத்துவம் தெரியும். அக்காவுக்கு அதற்குப் பிறகு வரும் காலை நேரங்கள் தெரியும். இரண்டும் வேண்டும்.

இது எப்போது தொடங்கியது?

ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குத் துணை போவது நெடுநாள் வழக்கம். ஆனால் அதை முறையாகச் செய்யத் தொடங்கிய ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் டெரீஸ் லாசர். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்தவர். 1952இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. அந்தக் காலத்து ஆபரேஷன் கொடியது. மார்பையும், அதற்கு அடியில் உள்ள சதையையும், அக்குளில் உள்ள நெறிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கை தூக்குவது பெரும்பாடு. "கையை எப்படி அசைப்பது? எந்த மாதிரி உடை போடுவது? வீட்டுக்காரரிடம் எப்படி இருப்பது?" இப்படி லாசருக்குப் பல கேள்விகள் இருந்தன. சரியான பதில் சொல்ல ஆள் இல்லை. அவரே கைக்குப் பயிற்சி செய்து கற்றுக்கொண்டார். பிறகு அதே ஆபரேஷன் நடந்த மற்றப் பெண்களின் படுக்கை அருகே போய்ச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வேலைக்கு 'ரீச் டு ரெக்கவரி' என்று பெயர். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

நம் மும்பையிலும் அப்படிப்பட்ட வேலை நடக்கிறது. 1994இல் இங்கே 'வி கேர்' என்ற அமைப்பு தொடங்கியது. தொடங்கிய வந்தனா குப்தா, தாமே புற்றுநோயிலிருந்து மீண்டவர். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். 1941இல் திறந்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அங்கே நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் பலர் தாதரில் காட்கே மகாராஜ் பெயரில் உள்ள தர்மசாலையில் தங்குகிறார்கள். பீகாரிலிருந்து ஒரு பெண் வருவார். வங்காளத்திலிருந்து ஒரு பெண் வருவார். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. ஆனாலும் ஒரே நோய்க்கு வந்தவர்களுக்கு ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியும்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அவர் ரோஸ் குஷ்னர். அமெரிக்கப் பத்திரிகையாளர். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கட்டியைச் சோதிக்க வேண்டும் என்று பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். 1974இல் குஷ்னருக்குக் கட்டி வந்தது. "முதலில் சோதனை செய்யுங்கள். முடிவை எனக்குச் சொல்லுங்கள். பிறகு என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்" என்று அவர் உறுதியாக நின்றார். மற்றப் பெண்களுக்காகவும் எழுதினார், பேசினார். 1979இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் கூட்டிய குழுவில் அவரும் இருந்தார். சோதனை ஒரு நாள், ஆபரேஷன் இன்னொரு நாள் என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது.

இதைக் கவனியுங்கள். சோதனைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே உள்ள நாட்கள் வெறும் காத்திருப்பு அல்ல. பெண்கள் கேட்டு வாங்கிய நாட்கள். தன் உடம்பில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளவும், கேட்கவும், முடிவு எடுக்கவும் கிடைத்த நாட்கள். அந்த நாட்களைப் பயத்திலேயே கழித்துவிடக் கூடாது. பக்கத்தில் ஓர் அக்கா இருப்பது அதற்குத்தான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

கதைக்குத் திரும்புவோம். மூன்று நாள் கழித்து அக்கா மறுபடி போனார்.

"டாக்டர் என்ன சொன்னாரு தங்கச்சி?"

"தெரியலக்கா. காதுலயே விழல."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கேக்க வேண்டியத எழுதிட்டுப் போவோம்."

"எழுதவா? நான் வகுப்புக்குப் போயி மூணு மாசந்தான் ஆச்சு. பேரு எழுதுவேன். கடன் வச்சவங்க கணக்கு எழுதுவேன்."

"கணக்கு எழுதுற கை கேள்வி எழுதாதா?"

மகள் ஓடி வந்தாள். "குடும்மா, நான் எழுதுறேன்" என்றாள். அம்மா நோட்டைக் கொடுக்கவில்லை. "நானே எழுதுறேன்" என்றார். இட்லிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஐந்து கேள்வி எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுத்துப் பிழை இருந்தது. கேள்வியில் பிழை இல்லை.

1. கட்டி எவ்வளவு பெரிசு?
2. மார்பு முழுக்க எடுக்கணுமா? கட்டிய மட்டும் எடுக்க முடியுமா?
3. எத்தனை நாள்ல கொப்பரை தூக்கலாம்?
4. பணம் எவ்வளவு ஆகும்? அட்டை செல்லுமா?
5. ஊருக்குப் போயிட்டு வந்து செஞ்சா என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்வியை எழுதும்போது கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் பேசவில்லை.

அக்கா சொல்லாத சொற்கள்

அக்கா என்ன பேசினார் என்பதைப் போலவே, என்ன பேசவில்லை என்பதும் முக்கியம்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாது.

"எனக்குச் செஞ்ச மாதிரியே செய்யச் சொல்லு" என்று சொல்லவில்லை. ஒரே பெயர் உள்ள நோய்தான். ஆனால் கட்டியின் அளவும் தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும். மருந்தும் மாறும்.

மாமியாரிடம் சண்டை போடவில்லை. ஊர் வைத்தியரைத் திட்டவில்லை. "டாக்டர்கிட்டயே கேப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் கேட்டதை வேறு வீட்டில் சொல்லவில்லை.

ஒரு நாள் அம்மா கேட்டேவிட்டார். "செத்துப் போவேனாக்கா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். "தெரியாது தங்கச்சி. அன்னைக்கு எனக்கும் தெரியல. ஆனா ஆபரேஷன் அன்னைக்கு நான் வாசல்ல இருப்பேன். அது நிச்சயம்."

டாக்டர் சொன்ன பதில்

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருக்கும்போது மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று இட்லி வியாபாரம் இல்லை. வரிசையில் நெடுநேரம் நின்றார்கள். உள்ளே போனதும் அம்மா நோட்டைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அக்கா அதை இந்தியில் சொன்னார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

கட்டி இரண்டரை சென்டிமீட்டர். இந்த அளவில் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, மார்பைக் காப்பாற்ற முடியும். அப்படிச் செய்தால் பிறகு சில வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வர வேண்டும். ஊரில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். எடுத்த சதையின் ஓரத்தில் புற்று தெரிந்தால் இன்னொரு முறை ஆபரேஷன் தேவைப்படலாம். முழு மார்பையும் எடுப்பது இன்னொரு வழி. எந்த வழியானாலும் அக்குளில் உள்ள நெறியையும் சோதிப்பார்கள்.

மார்பைக் காப்பாற்றினால் உயிருக்கு ஆபத்து கூடுமா? இந்தக் கேள்விக்கு 1980களிலேயே விடை வந்துவிட்டது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும், இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நூற்றுக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஆராய்ந்தார்கள். கட்டி சிறிதாக இருந்தால், அதை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்த பெண்களும், முழு மார்பையும் எடுத்த பெண்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. ஆனால் தனக்குப் பொருந்துமா என்று எல்லோரும் கேட்கலாம்.

பணத்துக்கு ஆஸ்பத்திரியில் உள்ள சமூக சேவகரைப் பார்க்கச் சொன்னார்கள். 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரிலான திட்டமும் இருக்கிறது. எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் கணவர் வாய் திறந்தார். நோட்டில் இல்லாத கேள்வி. "டாக்டர் சாப், கத்தி பட்டால் பரவுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். கத்தி பட்டதால் பரவுவதில்லை. ஊசி குத்தியதாலும் பரவுவதில்லை. பலர் நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். அதற்குள் நோய் வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஆபரேஷன் முடிந்த பிறகு அது வெளியே தெரியும். பழி கத்தியின் மேல் விழும். சில வாரம் காத்திருப்பதால் பயப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தள்ளினால் கட்டி வளரும். இன்று முடிவது அப்போது முடியாமல் போகலாம்.

திரும்பும்போது ரயிலில் கணவர் ஒன்றும் பேசவில்லை. சயானில் இறங்கியதும், "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றார். ஊருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தார். பிடித்தது போக மீதிப் பணத்தைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். "இத ஆஸ்பத்திரிச் செலவுக்கு வச்சுக்கோ" என்றார்.

மாமியார் மனம் மாறவில்லை. ஆனால் அன்று இரவு அரிசியை அவரே ஊறப்போட்டார்.

முடிவும் கையெழுத்தும்

அம்மா இரண்டு இரவு யோசித்தார். மார்பைக் காப்பாற்றும் வழியைத் தேர்ந்துகொண்டார். கதிர்வீச்சுக்குத் தினமும் போய்வர ஆஸ்பத்திரி பக்கம்தான்.

இதை அக்காவிடம் சொல்லத் தயங்கினார். அக்காவுக்கு அந்த வழி இருந்ததில்லை. கட்டி பெரிதான பிறகுதான் அவர் டாக்டரிடம் போனார். கேட்டதும் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கையில் இருந்த அப்பள மாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "உனக்கு அதான் சரி தங்கச்சி" என்றார். அக்காவுக்குத் துக்கம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். துக்கம் இருந்தும் அப்படிச் சொன்னார். துணைக்குப் போகிறவருக்கு இந்த மனம் வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சம்மதப் படிவம் வந்தது. கைநாட்டு வைக்க மை டப்பாவும் வந்தது. "பேனா குடுங்க" என்றார் அம்மா. அதற்கு முன் மகளை அழைத்து, படிவத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லச் சொன்னார். எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பை, அவருடைய அம்மாவின் சம்மதத்தை மட்டும் கேட்டு எடுக்கப்பட்டிருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, புத்தி தெளிவாக உள்ள, வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவளேதான் சம்மதம் தர வேண்டும். சோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது. கணவரும் மாமியாரும் பெற்றோரும் யோசனை சொல்லலாம். அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது.

ஆபரேஷன் நாளில் அக்கா சொன்னபடி வாசலில் இருந்தார். ஒரு சுருக்குப் பை தைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே ஊறும் நீர் வெளியே வர ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு பையும் சில நாள் வைப்பது உண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூச்சமாக இருக்கும். சுருக்குப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். இது எந்தப் படிவத்திலும் இல்லை. அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

அம்மாவின் சிகிச்சை அத்துடன் முடியவில்லை. கதிர்வீச்சு இருந்தது. மாத்திரை இருக்கிறது. பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போக வேண்டும். சுவரில் விரல் ஏற்றுகிறார். கொப்பரையைக் கொஞ்ச காலம் கணவர் தூக்குகிறார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்த நோய் வந்து மீண்டவர் உங்களில் யாராவது இருக்கலாம். உங்களுக்கு மனம் இருந்தால், சுகாதாரப் பணியாளரிடமோ ஆஸ்பத்திரிச் சமூக சேவகரிடமோ சொல்லி வையுங்கள். மனம் இல்லை என்றால் தவறில்லை. பழைய வலியை மறுபடி நினைக்க எல்லோராலும் முடியாது.

நோய் வராதவர்களும் துணை போகலாம். ஒரு வேளை சோறு ஆக்கிக் கொடுக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கலாம். செத்துப் போனவர் கதையைச் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

நோய் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரே வார்த்தை. தனியாக இருக்காதீர்கள். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்த தேதியைக் காரணம் இல்லாமல் தள்ளாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதுங்கள். உங்களுக்காக இருக்கலாம். வீட்டில் உள்ள ஒருவருக்காக இருக்கலாம். நாளை வகுப்புக்குக் கொண்டுவந்து படியுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.